நல்லம்பள்ளி அக்கா நானில்லை

மகனுக்கு,

உன்னை எப்போதும் கூப்பிடுகிற சொல்லை வைத்து இந்தக் கடிதத்தைத் தொடங்கக் கை வரவில்லை. காரணம் உனக்குத் தெரியும். மற்றவர்களும் இதைப் படிக்கப் போகிறார்கள், அவர்களுக்காக நடுவில் எங்காவது சொல்லிவிடுகிறேன். ஆனி மாதத்தில் ஒரு நாள் போனில் என்னிடம் ஒன்று கேட்டாயே, அதற்குப் பதில்தான் இது. போனிலேயே சொல்லியிருக்கலாம். குரல் பதிவாகப் பேசி அனுப்பியிருக்கலாம், நம் மகளிர் குழுவில் எழுதத் தெரியாத பெண்கள்கூட இப்போது அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் என் குரலில் வருகிற எதையும் நானே முழுதாக நம்ப முடியாத நிலைமைக்கு வந்துவிட்டேன். அதனால் உட்கார்ந்து கையால் எழுதுகிறேன். பத்தாவதோடு நிறுத்தியவள் எழுதுவது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். பிழை கண்டுபிடிப்பதுதானே உன் வேலை.

நீ அந்த வேலையில் சேர்ந்தபோது அது என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை. சாப்ட்வேர் டெஸ்டர் என்றாய். சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று விழித்தேன். அப்போது நீ விளக்கினாய், ஒரு சாமானை ஊருக்கெல்லாம் அனுப்புவதற்கு முன்னால் அது எங்கெங்கே உடையும் என்று உடைத்துப் பார்க்கிறவன் நான் என்று. உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, "அது இவன் பொறந்ததுல இருந்து பண்ற வேல தான, அதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களா" என்றார். நாம் மூன்று பேரும் சிரித்தோம். அதன் பிறகு யார் கேட்டாலும், பெங்களூரில் என் மகன் தப்புக் கண்டுபிடிக்கிற வேலையில் இருக்கிறான் என்று பெருமையாகச் சொன்னேன். தப்பைக் கண்டுபிடித்தபின் அதை என்ன செய்வார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

உங்கள் கம்பெனி விவசாயிகளுக்கு ஒரு ஆப் செய்தது. கம்பெனியின் பெயரை நான் எங்கேயும் எழுதப்போவதில்லை; எழுதக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பயிருக்கு என்ன நோவு, என்ன மருந்து, எப்போது தண்ணீர் கட்டுவது என்று போனில் வாயால் கேட்டால் வாயால் பதில் சொல்லும். அதற்கு ஒரு முகமும் ஒரு குரலும் வேண்டும், சினிமாக்காரர் வேண்டாம், நிஜமாகவே நிலத்தில் இறங்கி வேலை செய்கிற ஒரு பெண் வேண்டும் என்று தேடினார்கள். நம் மகளிர் குழுக் கூட்டத்தில் நான் பேசிய ஒரு வீடியோவை நீ அவர்களிடம் காட்டியிருக்கிறாய். உங்கள் கம்பெனியிலிருந்து ரேஷ்மா மேடம் காரில் வந்து இறங்கினார்கள். சாமந்தி வயலில் என்னைக் கொஞ்ச நேரம் பேசவிட்டுக் கேட்டுவிட்டு, "இந்த வாய்ஸ் தான்" என்று உன் பக்கம் திரும்பிச் சொன்னார்கள். உன் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்துத்தான் நான் ஒத்துக்கொண்டேன். பணத்துக்காக இல்லை என்று சொன்னால் அது பொய். கிணறு வற்றிப்போயிருந்தது, போர் போட வேண்டியிருந்தது. இரண்டும்தான். ஒப்பந்தம் இங்கிலீஷில் இருந்தது. நீ பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, எல்லாக் கம்பெனியிலும் இருக்கிற வழக்கமான விஷயந்தான் அம்மா என்றாய். நான் கையெழுத்துப் போட்டேன்.

பெங்களூரில் என் குரலைப் பதிவு செய்த அந்த அறை நினைவிருக்கிறதா? சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, என் மூச்சே எனக்குப் பெரிதாகக் கேட்டது. நாள் முழுக்க வாசிக்க வைத்தார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வாக்கியங்கள். சந்தோஷமாக ஒரு தரம், கண்டிப்பாக ஒரு தரம், ஆறுதலாக ஒரு தரம். ஆறுதல் மட்டும் எனக்கு வரவேயில்லை. காகிதத்தைப் பார்த்து யாருக்கு ஆறுதல் சொல்வது? அப்போது பதிவு செய்துகொண்டிருந்த பையன் காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டு, உங்க மகனிடம் பேசுகிற மாதிரி பேசுங்கள் என்றான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ நின்றுகொண்டிருந்தாய். உன்னைப் பார்த்தேன். "பயப்படாத கண்ணு, பாத்துக்கலாம்" என்றேன். அவன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். அதன் பிறகு அந்த ஆப் எல்லோரையும் கண்ணு என்று கூப்பிட ஆரம்பித்தது. பென்னாகரத்தில் மாடு வைத்திருக்கிறவரை, காரிமங்கலத்தில் தக்காளி போடுகிறவரை, எங்கேயோ திருவண்ணாமலைப் பக்கம் கரும்பு வெட்டுகிறவரை. நான் பெற்று வளர்த்த ஒரே பிள்ளையை மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்த சொல். இப்போது அதை எழுதப் போனால் விளம்பரம் எழுதுகிற மாதிரி இருக்கிறது. அதனால்தான் வெறும் மகனுக்கு என்று தொடங்கினேன்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, மறைப்பானேன். தொப்பூர் போகிற ரோட்டோரச் சுவரில் என் முகத்தை எழுதினார்கள். டவுன் பஸ்ஸின் முதுகில், 'நல்லம்பள்ளி அக்காவைக் கேளுங்க' என்று நான் சிரித்துக்கொண்டு போனேன். அந்தப் படத்தில் நான் கட்டியிருக்கிற சிவப்புப் புடவை அவர்கள் வாங்கிக் கட்டிவிட்டது, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். தருமபுரி பூ மார்க்கெட்டில் என் கூடையை முதலில் இறக்கினார்கள். கல்யாண வீடுகளில் பெண்கள் என்னோடு நின்று போட்டோ எடுத்தார்கள். கம்பெனி வேனில் வத்தல்மலைக்குப் போனேன், சித்தேரிக்குப் போனேன். பெண்களை உட்கார வைத்து ஒவ்வொருவர் போனிலும் அதை ஏற்றிக் கொடுத்து, இந்தப் பொத்தானை அமுக்கிப் பேசு, நான் பதில் சொல்கிறேன் என்று சொல்லிக் கொடுத்தேன். கவனித்துப் பார், 'அது பதில் சொல்லும்' என்று நான் சொல்லவில்லை. 'நான் சொல்கிறேன்' என்றேன். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

பிறகு எனக்குத் தொண்டை கட்டியது. ஒரு வாரம் பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு நாள் காலையில் உன் அப்பா வாசலில் நின்று போனைப் பார்த்து, சாமந்திக்கு இன்றைக்குத் தண்ணீர் கட்டலாமா என்று கேட்கிறார். "இன்னிக்கு வேணாம் கண்ணு, நாளைக்கு மழ வர்ற மாதிரி இருக்குது" என்று என் குரல் சொல்கிறது. அவர் சரி என்று மண்வெட்டியைச் சாத்தி வைத்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் அந்த மனிதர் முதல் தடவையிலேயே சரி என்று சொன்னதில்லை. அடுப்படியில் வாயைக் கட்டிக்கொண்டு நின்ற எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அப்புறம் ஒரு யோசனை வந்தது. அந்த வாரம் முழுக்க நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் வீட்டில் என் குரல் இல்லாத நாளே இல்லை. நான் பேசாதது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை.

அதிலிருந்து எனக்கு வாயைத் திறக்கவே தயக்கம். சந்தையில் யாராவது வெண்டைக்கு என்ன போடுவது என்று கேட்டால், எனக்குத் தெரிந்ததைச் சொல்வதற்கு முன்னால் போனில் என்ன சொல்லியிருக்கிறேனோ என்று பயம் வரும். "போன்ல வேற மாதிரி சொன்னீங்களே" என்று நேருக்கு நேர் கேட்பார்கள். என்னை எனக்கே சாட்சியாக நிறுத்துவார்கள். ரேஷ்மா மேடத்திடம் சொன்னேன். பொது இடத்தில் பயிரைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருப்பதே நல்லது, ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். பயிரைப் பற்றிப் பேசாமல் நம் ஊரில் ஒரு பெண் வேறு எதைத்தான் பேசுவாள்? பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தேன். தலைக்கனம் வந்துவிட்டது என்றார்கள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது ஒரு மத்தியானம், "அம்மா, நீ நம்ம ஊர்ல பேசற மாதிரியே கேளு, என்ன சொல்லுதுன்னு பாக்கலாம்" என்று போனை என் முன்னால் வைத்தாய். நாம் இரண்டு பேரும் சேர்ந்து அதைச் சோதித்தோம். அன்றைக்கு நானும் டெஸ்டர் ஆகிவிட்டேன் என்று உன் அப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன். வூடு என்றால் அதற்குப் புரிந்தது. மழ, வெய்யில், மொளகா எல்லாம் புரிந்தது. மொளகாச் செடியில் "கெளை காயுது, கெளைக்கு என்னா மருந்து அடிக்கறது" என்று கேட்டேன். கிளையை நாம் கெளை என்றுதானே சொல்கிறோம். அதன் காதில் அது களை என்று விழுந்தது. களைக்கொல்லியின் பெயரைச் சொல்லி, டேங்குக்கு எவ்வளவு கலக்க வேண்டும் என்றும் சொன்னது. நான் கேட்டது அதற்குக் கேட்கவில்லை, என் குரலே எனக்குத் தப்பாகச் சொல்கிறது. விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. மறுபடி மறுபடி கேட்கச் சொல்லி, பையைத் திறந்து கம்ப்யூட்டரில் எழுதினாய். நல்ல தப்பைப் பிடித்துவிட்டாய் அம்மா என்றாய். அதோடு அது சரியாகிவிடும் என்று நினைத்து நான் முறுக்குப் பிழியப் போய்விட்டேன்.

மாசியில் ஒரு நாள் நம் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். சித்தேரி மலையிலிருந்து முதல் பஸ் பிடித்து, அரூரில் மாறி, தருமபுரியில் மாறி, நல்லம்பள்ளியில் இறங்கி, பஸ்ஸில் இருக்கிற அக்கா வீடு எது என்று விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். பெயர் அலமேலு. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது குறைவாக இருக்கும். உள்ளே வா என்று நான் சொன்னதும் அவள் முகம் தெளிந்தது. "அதே கொரலுங்க" என்றாள். தண்ணீர் குடித்தாள். பிறகு சொன்னாள், "சண்டைக்கு வரலைங்க. நான் என்னா தப்பு பண்ணன்னு கேட்டுக்கிட்டுப் போலாம்னு வந்தன். நீங்க சொன்னபடி தான் அடிச்சன்." மொளகாய் போட்டிருக்கிறாள். காய் பிடிக்கிற சமயத்தில் நுனிக் கிளைகள் காய ஆரம்பித்திருக்கின்றன. போனைக் கேட்டிருக்கிறாள். போன் சொன்ன பெயரை அரூர் மருந்துக் கடையில் போட்டுக் காட்டியிருக்கிறாள். கடைக்காரர் களைக்குத்தான் வாங்குகிறாள் என்று எடுத்துக் கொடுத்துவிட்டார். அவள் செடி மேல், நன்றாக நனைகிற மாதிரி, ஒரு வரிசை விடாமல் அடித்திருக்கிறாள்.

சேமித்து வைத்திருந்த அந்தப் பதிலைப் போட்டுக் காட்டினாள். "கவலப்படாத கண்ணு" என்று என் குரல் தொடங்கியது. மருந்தின் பெயரைச் சொன்னது, அளவைச் சொன்னது. முடிக்கும்போது நான் எப்போதும் செய்கிற மாதிரி மூச்சை இழுத்து, "நல்லா வரும் பாரு" என்றது. சந்தேகம் இருந்தால் வேளாண்மை அலுவலரைக் கேட்கவும் என்று அடியில் எறும்பு மாதிரி எழுத்தில் இருந்தது, அதை வாயால் சொல்லவில்லை. அது நானில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்து என்ன சொல்வது? அதே குரலில்தானே சொல்ல வேண்டும். அலமேலு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், இப்போதாவது சரியான மருந்தைச் சொல்லிவிடுவேன் என்பது போல. உன் தப்பு ஒன்றும் இல்லை என்று மட்டும் சொன்னேன். அவள் நம்பவில்லை. தன்மேல் தப்பு இல்லையென்றால் என்மேல் இருக்க வேண்டும், அதை என் வீட்டில் உட்கார்ந்து சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. போகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்துவிட்டாள்.

அவள் போனதும் உனக்குப் போன் செய்தேன். நீ அதிர்ச்சி அடைவாய், ஓடிப்போய் யாரையாவது கூப்பிடுவாய் என்று நினைத்தேன்.

"அது தெரிஞ்ச விஷயம்மா," என்றாய். "தீபாவளிக்கே எழுதிப் போட்டுட்டன்."

"போட்டு?"

"மலையில பேசற மாதிரி பேசறவங்க கொஞ்சம் பேர் தான், அடுத்த தடவ சரி பண்ணிக்கலாம்னு தள்ளி வெச்சிட்டாங்க."

"நீ என்னா சொன்ன?"

"வெளிய விடலாம்னு நானும் தாம்மா ஒத்துக்கிட்டன்."

உன்னை நான் திட்டவில்லை. திட்டியிருந்தால் உனக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அந்த மலைக்கு வேனில் போய், பெண்களை வரிசையாக உட்கார வைத்துப் போனில் ஏற்றிக் கொடுத்தவள் நான். தப்பைக் கண்டுபிடித்துச் சிரித்தவளும் நான். நீ எழுதியாவது போட்டாய். யாரை யார் திட்டுவது?

கம்பெனிக்கு நீயே சொன்னாய், அதை நான் மறக்கவில்லை. அவர்களும் சும்மா இருக்கவில்லை. அந்த ஒரு சொல்லைச் சரி செய்தார்கள். அலமேலுவுக்கு ஏதோ கொடுத்தார்கள். அதோடு விட்டிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேனோ என்னவோ. ஒரு வாரம் கழித்து நான் அலமேலுவுக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். நான் ஆரம்பித்ததுமே அவள், "அதான் முந்தாநாளே பேசி மன்னிப்புக் கேட்டுட்டீங்களே, அழுதீங்களே, அதெல்லாம் விடுங்க" என்றாள். நான் பேசவில்லை. நான் அழவில்லை. எனக்குத் தெரியாமல் என் குரலை அழவைத்து அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆறுதல் வராமல் அந்தப் பஞ்சு அறையில் நான் உன்னைப் பார்த்தபோது என் குரல் கொஞ்சம் தழுதழுத்தது, அதை எடுத்துக்கொண்டிருப்பார்கள். ரேஷ்மா மேடத்தைக் கேட்டேன். "உங்களைக் கஷ்டப்படுத்த வேணாம்னு தான்" என்றார்கள். அவர்கள் கெட்ட மனுஷி இல்லை. அதை நல்லது என்று நினைத்தே செய்திருக்கிறார்கள். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பங்குனியில் நான் சித்தேரிக்குப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. கம்பெனி வேனில் போனபோது தெரியாத வளைவெல்லாம் பஸ்ஸில் போனபோது வயிற்றைப் புரட்டியது. அலமேலு மொளகாய்க் காட்டில்தான் இருந்தாள். செடியெல்லாம் பழுப்பாக, இலை சுருண்டு, பிஞ்சு வாடித் தொங்க, நின்ற இடத்திலேயே செத்து நின்றது. அவள் பிடுங்கிக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்றபடியே சொல்ல ஆரம்பித்தேன், போனில் அழுதது நானில்லை, நான் நேரில் கேட்கத்தான் வந்தேன் என்று. இரண்டு வாக்கியம் சொல்லியிருப்பேன். அவள் நிமிர்ந்து கையைக் காட்டினாள்.

"பேசாதீங்க," என்றாள். "கோவிச்சுக்காதீங்க. நீங்க பேசனா எது யாருன்னு எனக்குத் தெரியல. கொஞ்ச நேரம் சும்மா இருங்க."

சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். அந்தப் பக்கத்து வரிசையில் நானும் பிடுங்க ஆரம்பித்தேன். வெயில் ஏறியது. காய்ந்த செடியின் குச்சி கையைக் கிழித்தது. ஒரு வரிசை முடிந்ததும் அடுத்த வரிசைக்கு அவள் நகர்ந்தாள், நானும் நகர்ந்தேன். நடுவில் ஒரு தரம் சொம்பை நீட்டினாள். வாங்கிக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். பிடுங்கியதையெல்லாம் காட்டோரம் குவித்தோம். பஸ் நேரத்துக்கு அவளும் ரோடு வரைக்கும் கூடவே வந்தாள். பஸ் வளைவில் தெரிந்தபோதுதான் வாயைத் திறந்தாள். "வேல செய்யறப்ப தான் நீங்க நெசமா ஒரு ஆளுன்னு தெரிஞ்சுது" என்றாள். பஸ் மலையிறங்கி வரும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நான் அழுதேன். அதை யாரும் பதிவு செய்யவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நல்லம்பள்ளி அக்கா இனிமேல் கன்னடமும் தெலுங்கும் பேசப் போகிறாள், அதற்குப் புதிதாக ஒரு கையெழுத்து வேண்டும் என்று கேட்டாய். நம் பக்கத்தில் மூன்று மொழியும் காதில் விழுந்து வளர்ந்தவள் நான், பால்காரரோடு கன்னடம் பேசுவேன், அது உனக்குத் தெரியும். ஆனால் அவர்களுக்கு நான் பேச வேண்டியதே இல்லையாம், இருக்கிற குரலை வைத்தே எந்த மொழியிலும் பேசவைத்துக்கொள்வார்களாம். நான் கையெழுத்துப் போட்டால் நீ டெஸ்டர்களுக்கெல்லாம் லீடர் ஆவாய். போடாவிட்டால் என்ன ஆகும் என்று நீ சொல்லவில்லை. ஆவணியில் உனக்குக் கல்யாணம். பெண் வீட்டில் உன் வேலையைப் பார்த்துத்தான் பெண் கொடுக்கிறார்கள், அதையும் நீ சொல்லவில்லை. "எனக்காக ஒரு கையெழுத்து போட்டுரும்மா" என்று மட்டும் சொன்னாய். நான் தயங்கியதும் இன்னொன்றும் சொன்னாய். நான் போடாவிட்டாலும் தமிழில் ஓடுகிற குரலை நிறுத்த முடியாது, பழைய ஒப்பந்தம் இன்னும் சில வருஷத்துக்கு இருக்கிறது, அப்புறம் ஏன் வீம்பு என்றாய்.

யோசித்துப் பார்த்தேன். நீ சொன்னது அத்தனையும் உண்மை. நான் போடாவிட்டால் பஸ்ஸின் முதுகில் என் சிரிப்பு அழியப் போவதில்லை. எங்கேயோ ஒரு காட்டில் யாரோ ஒருத்தரை என் குரல் பேர் சொல்லாமல் கொஞ்சிக்கொண்டுதான் இருக்கும். வாங்கிய பணம் போர் குழிக்குள் போய்விட்டது, திருப்பிக் கொடுத்து விலகிக்கொள்ளவும் வழி இல்லை. நான் பூட்டிய அறையில் இருக்கிறேன் என்றால், நீ பக்கத்து அறையில் இருக்கிறாய். உன் அறையில் ஏசி இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இருந்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன். இதனால் ஒன்றும் நிற்காது என்று தெரிந்தேதான் சொல்கிறேன். கர்நாடகா பக்கம் இன்னொரு அலமேலு பஸ் ஏறி என் வீட்டைத் தேடி வந்தால், உன் பாஷையில் நான் பேசவே இல்லை என்று அவளிடமாவது சொல்ல வேண்டும்.

சந்தையில் இப்போது நான் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். யாராவது, போனில் சொன்னீர்களே அக்கா என்றால், அது நானில்லை, மருந்து அடிக்கும் முன்னால் டப்பாவைப் பக்கத்தில் யாரிடமாவது காட்டிக் கேள் என்கிறேன். சில பேர் சிரிக்கிறார்கள். ஒரு ஆள், காசு வாங்கும்போது நீயாக இருந்தாயே என்றார். கம்பெனியிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. உன் அப்பா அதை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, சாமந்திக்குத் தண்ணீர் கட்டலாமா என்று என்னிடம் கேட்டார். கட்டலாம் என்றேன். எதுக்கு இப்ப, நாளைக்குப் பாத்துக்கலாம் என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

உனக்கு நான் வேலையை விடு என்று சொல்லவில்லை. கடன், கல்யாணம், வாடகை எல்லாம் எனக்குத் தெரியும். தப்பைக் கண்டுபிடிக்கிற கண் உனக்கு இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, என்னிடமிருந்து இல்லை. அடுத்த தடவை வெளியே விடலாமா என்று உன்னைக் கேட்கும்போது, அந்தக் காட்டில் ஒரு வரிசை செடி பிடுங்கிவிட்டு வந்து பதில் சொல். பிடுங்க முடியாது, பெங்களூரில் ஏது காடு. யாருக்கு என்ன ஆகும் என்று ஒரு ஆளின் முகத்தையாவது நினைத்துக்கொள். கொஞ்சம் பேர்தான் என்று அவர்கள் சொன்னார்களே, அந்தக் கொஞ்சம் பேரில் உன் அம்மாவும் ஒருத்தி. நானும் கெளை என்றுதான் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். சாப்பிட்டாயா அம்மா என்று கேட்டாய். அத்தனை அன்பாக நீ கேட்டு ரொம்ப நாளாகிறது. எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் வந்தது. உன் குரலும் அந்தக் கம்பெனியில்தானே இருக்கிறது. நீதான் பேசுகிறாயா என்று கேட்டேன். புரியவில்லை என்றாய். நீதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். நீ கத்தினாய். பெற்ற பிள்ளையைப் பார்த்து இப்படிக் கேட்க உனக்கு எப்படி மனசு வந்தது என்று, குரல் உடைந்து, பாதியில் பெங்களூரில் பழகிய கன்னடத்திலும் இங்கிலீஷிலும் என்னென்னவோ சொல்லி, போனை வைத்துவிட்டாய். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அந்தக் கோபத்தை எந்தக் கம்பெனியாலும் செய்ய முடியாது. அது நீதான். வெகு நாள் கழித்து உன்னோடு பேசிய மாதிரி இருந்தது.

இந்தக் கடிதத்தை முதலில் உனக்குத்தான் அனுப்புகிறேன். நீ படித்துத் திருப்பி அனுப்பிய பிறகே மற்றவர்கள் படிக்கக் கொடுப்பேன். உன்னைப் பற்றி எழுதியது உனக்குக் கெடுதல் செய்யும் என்றால், நீ ஒத்துக்கொண்டது, தள்ளி வைத்தது, என்னைக் கையெழுத்துக் கேட்டது எல்லாவற்றையும் பேனாவால் அடித்துவிடு. ஏன் என்று கேட்க மாட்டேன், நீ அடித்தபடியே கொடுத்துவிடுகிறேன். என்னைப் பற்றி எழுதியதில் மட்டும் கை வைக்காதே. ஒன்றையும் அடிக்காமல் அனுப்பினாலும் சரி, அதற்கும் ஏன் என்று கேட்க மாட்டேன்.

உன் அம்மா